பின்பக்கம்

மெராப்பி மலை அன்று புகையவில்லை.
வயலில் பரப்பிய இரண்டாயிரத்துச் சொச்சம் கற்களுக்கிடையே
பார்ஜிமான் குந்தியிருந்தார்,
டாமினோ ஆட்டத்தில் தன் முறை வந்தவர்போல.

கோயில் பாதி எழுந்து நின்றது.
மேற்குச் சுவரில், ஏழாம் வரிசையில்,
ஓர் அன்னத்துக்குக் கழுத்து இருந்தது, வால் இருந்தது.
இறக்கை இருக்கவேண்டிய இடத்தில்
வானம்.

புதுக்கல் செதுக்கி வைக்கலாம்.
வைத்தால் அதன் நெற்றியில் ஈயப் பொட்டு ஒன்று இடவேண்டும்,
நான் பழையவள் இல்லை என்று
கல் தன் வாயால் ஒப்புக்கொள்ள.
அந்தச் சுவரில் ஏற்கெனவே பதினாறு பொட்டு.
பதினேழாவதுக்கு பார்ஜிமான் சம்மதிக்கவில்லை.

இறக்கை கிடைத்தது ஓடையில்.
சுத்தினாவின் துவைகல் அது.
மாமியார் காலத்திலேயே அங்கேதான் கிடந்தது என்றாள்.
புரட்டிப் பார்த்ததுண்டா என்று கேட்டோம்.
துவைக்கிறவள் எதற்குக் கல்லைப் புரட்டுகிறாள்?

நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினோம்.
சேறு வழிந்தது. ஒரு நண்டு ஓடியது.
ஒவ்வோர் இறகும் அப்படியே,
நேற்றுத்தான் உளி நகர்ந்த மாதிரி.
மேல்பக்கமோ
அறுபது வருட சோப்புக்கும் சாரோங்குக்கும்
குழிந்து, வழவழத்து,
கிண்ணமாகியிருந்தது.

அவள் சும்மா தரவில்லை.
அதே உயரம், அதே சாய்வு,
ஓடைக்கு ஒரு கல் வேண்டும் என்றாள்.
கொடுத்தோம்.

கப்பிச் சங்கிலி இரண்டு முறை சிக்கியது.
மூன்றாம் முறை, கழுத்துக்கும் வாலுக்கும் நடுவே
அது தானாகவே போய் உட்கார்ந்தது.
மயிரிழை நுழைய இடமில்லை.
கீழே யாரோ கைதட்டத் தொடங்கி, கூச்சப்பட்டு, நிறுத்திக்கொண்டார்.

பின்பக்கம் மட்டும் பொருந்தவில்லை.
உள்கல்லுக்கும் அதற்கும் இடையே
ஒரு கை அள்ளும் அளவுக்கு இருட்டு.
காரை போட்டு அடைத்துவிடலாமா என்றார் பொறியாளர் ரெத்னோ.
பார்ஜிமான் குழிக்குள் விரல்களை விட்டார்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
பிறகு அடுத்த வரிசையை ஏற்றச் சொன்னார்.

பதிவேட்டில் நான் எழுதினேன்:
எண் 1147. அசல் கல். முகப்பில் சேதமில்லை.
பின்பக்கம் தேய்மானம்.
காரணம் என்ற கட்டத்தில்
சட்டைகள் என்று எழுதி,
அடித்து,
மறுபடி எழுதினேன்.

திறப்பு நாளில் சுத்தினா வந்தாள்.
அன்னத்தை அண்ணாந்து பார்த்தாள்.
நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.
யாரோ நீட்டிய இனிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு
என் பக்கம் திரும்பினாள்:
நீங்கள் கொடுத்த கல் சரியில்லை தம்பி,
ஒரே சொரசொரப்பு,
காலரெல்லாம் கிழிகிறது.