குளிரை உள்ளே விட்டவன்

கோடையில் இந்த ஊரைத் திட்டாத வாய் கிடையாது.
பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி பூரா நம்மேல் கொப்பளிக்கும் மலைப்பாறைகள்.
அதனால்தானோ என்னவோ
வேலூரில் ஒருத்தரிடமும் ஒழுங்கான கம்பளி இல்லை.
மார்கழி வந்து கதவைத் தட்டினால்
முன்பின் தெரியாத விருந்தாளியைப் பார்த்ததுபோல் முழிக்கிறோம்.

லாட்ஜ் கவுன்ட்டரில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது.
குதிகால் வெடிப்புக்கு வேண்டும்.
வெந்நீர் டம்ளரில் பாட்டிலை நிறுத்தி
இளகக் காத்திருந்தேன்.

இஸ்திரி வண்டி ஏகாம்பரம்
கடையைக் கட்டும்போது சொன்னார்:
"உங்க பெங்காலி ஆளு இன்னிக்குத் துணி குடுக்கல நைனா,
தணல் வாங்கினு போனாரு, பெயின்ட் டப்பால.
காசு வாணாம்னுட்டேன்.
கொயந்தைக்குக் குளுருதாமே."

நல்ல மனுஷன். சிரித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.
நானும் சிரித்தேன்.
பாதிச் சிரிப்பில் மச்சான் ஞாபகம் வந்தது.
ஓசூருக்குக் கோஸ் ஏற்றப் போனவன்
லாரி கேபினில் கரி மூட்டி, கண்ணாடி ஏற்றி,
தூங்கினான்.
முகம் நல்ல சிவப்பாக இருந்தது என்றார்கள்.
அதற்கு நிறமில்லை, வாசனையில்லை.
தூக்கம் மாதிரியே வருமாம்.

இரண்டாம் மாடி.
கதவுகளின் அடியில்
விரல் தடிமனுக்கு வெளிச்சக் கோடுகள்.
இருநூற்று ஏழில் மட்டும்
மேல்கண்ணாடியில் விளக்கு தெரிகிறது,
கீழே இருட்டு.
குனிந்து தொட்டேன். துண்டு.
நனைத்துச் சுருட்டி
இம்மி காற்று நுழையாமல் அடைத்திருக்கிறார்கள்,
அவ்வளவு அக்கறையாய்.

மண்டல் பாபு, மண்டல் பாபு.
எனக்குத் தெரிந்த வங்காளம்
வாடகை, வெந்நீர், லிஃப்ட் இல்லை, அவ்வளவுதான்.
சாவுக்கு அங்கே என்ன சொல்வார்கள்?
தமிழிலேயே கத்தினேன்.
மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

உள்ளே எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.
ஒரு நொடி
நானும் கதவைச் சாத்திக்கொண்டு
உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

டப்பாவில் தணல் கண்சிமிட்டியது.
இரண்டு ராத்திரி ரயிலில் வந்து
நெஞ்சில் தையல் போட்டுக்கொண்ட ஏழு வயசுப் பையன்
அம்மாவின் இடுப்பில் முகம் புதைத்திருந்தான்.
அவள் கண் திறந்தாள்.
எழுந்திருப்பது எப்படி என்பதை
மறந்துபோனவள் மாதிரி பார்த்தாள்.

ஜன்னலைத் திறந்தேன், இரண்டையும்.
கோட்டை அகழியில் கைநனைத்து வந்த காற்று
கத்தியாய் நுழைந்தது.
"டண்டா, டண்டா" என்று அழுதாள்.
ஆமாம்மா, டண்டா.
நல்ல டண்டா.
இழுத்து மூச்சு விடு.

ஆஸ்பத்திரி எதிரிலேயே இருப்பது
அன்றைக்குத்தான் வாடகையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.
பையனை நான் தூக்கினேன்.
மண்டல் சுவரைப் பிடித்து வந்தார், வாந்தி எடுத்தார், வந்தார்.

மறுநாள் சாயங்காலம் மூவரும் நடந்தே திரும்பினார்கள்.
பழைய தண்ணீர் பாட்டிலில் வெந்நீர், மேலே சாக்ஸ்.
மண்டலின் பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே
நேற்றைய தினசரி, நாலு மடிப்பு.
தேர்தல் பக்கத்துக்குச் சூடு ஜாஸ்தி என்றேன்,
புரியாமலே சிரித்தார்.
என் குரங்குக் குல்லா பையனுக்கு மூக்குவரை இறங்கியது.
மூன்று பேருக்கும் ஒரே போர்வை.
ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும் என்று
அந்த இரண்டு விரலைக் காட்டிவிட்டு வந்தேன்.

தாழ்ப்பாளுக்கு நூற்றிருபது ரூபாய்
முதலாளி சம்பளத்தில் பிடித்தார்.
ஏகாம்பரம் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மூன்றாம் நாள் வண்டிப் பலகையில் சாக்பீஸ் எழுத்து:
ரூமுக்குத் தணல் கேக்காதீங்க.

இப்போதெல்லாம் பதினொன்றுக்கு ஒருமுறை,
இரண்டுக்கு ஒருமுறை மாடி ஏறுகிறேன்.
எண்ணெய் தடவிய குதிகால் வழுக்குகிறது.
விளக்கணைத்த கதவுகளின் முன்னால் குனிந்து
இடுக்கில் விரலை வைத்துப் பார்க்கிறேன்,
குளிர் வருகிறதா என்று.