முள் அசையாத எடை

கல்முனை பஸாரில்
ஜிப்ரியின் கடைக் கண்ணாடிமேல் மூன்று.
ஒன்றும் பெருவிரல் நீளமில்லை.

குறட்டோடு ஒன்று.
கத்தரிக்கோலோடு ஒன்று.
மூன்றாவதில் எல்லாம் இருக்கிறது,
அதனாலேயே சட்டைப் பை தொங்கும்.

போன கிழமையை எண்ணிப் பார்த்தேன்:
மூக்குக்கண்ணாடி ஆணி கழன்றது, ஞாயிறு.
தபால் கந்தோரில் பார்சல் நூலைப்
பல்லால் கடித்தேன், பெரியவர் பார்த்தார்.
செருப்புக்குள் உடைமுள், இரண்டு தரம்.
குறடு ஒருநாளும் தேவைப்படவில்லை.
தேவைப்படும் என்கிறார் ஜிப்ரி,
அவருக்குக் குறட்டில்தான் லாபம்.

கத்தரிக்கோலைத் தொட்டுக் கேட்டேன்:
"இதில கத்தி இல்லைதானே?"
சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

வெலிகந்தையில் ஒருமுறை
என் நகவெட்டியை நீட்டி, மடக்கி,
மறுபடி நீட்டி
இது எதற்கு என்றார்கள்.
நகம் வெட்ட என்று சொல்ல
அப்போது எனக்குச் சிங்களம் போதவில்லை.
இதை நான் ஜிப்ரிக்குச் சொல்லவில்லை.
அவரும் தன்னுடையதைச் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் உறையை வெட்டக்
கடை முழுக்கக் கத்தரிக்கோல் தேடினோம்.
பிறகு ஆணி நிறுக்கும் தராசில் வைத்தார்:
முள் அசையவில்லை.
"பார்த்தீங்களா, பாரமே இல்ல."

களுவாஞ்சிக்குடி தாண்டி, பழைய
சோதனைச் சாவடி நின்ற வளைவில்
இப்போது வத்தகப்பழக் குவியல்.
பழம் வாங்கத்தான் டிரைவர் பிரேக் போட்டார்.
அதற்குள் என் கை பைக்குள் போய்
அதைப் பொத்திக்கொண்டது.

வெட்கத்தில் நானும் இறங்கி
ஒரு கீற்று வாங்கினேன்.
கத்தரி நுனியால் விதை நோண்டிக்கொண்டு
கல்லடி வரை வந்தேன்.