ஆறுக்கு ஆறு கட்டம்

முதலில் வெள்ளை.
கறுப்புத் திரையில் சாம்பல் எழுத்துகள்
ஆறுக்கு ஆறாக நிற்கும்.
வரிசை மாற்றி வரிசை மின்னும்.
வேண்டிய எழுத்தை மட்டும் பாருங்கள், ஹெர் லாக்னர்,
அது மின்னும்போதெல்லாம் மனதுக்குள் எண்ணுங்கள்.
எண்ணினார்.
எண்ணினாரா என்று எனக்கெப்படித் தெரியும்,
தலையில் ஒட்டிய எட்டு வில்லைகள்
சொன்னதைத்தான் சொல்கிறேன்:
நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

கிராட்ஸில் டிசம்பர் என்றால்
நாலரைக்குள் இருட்டிவிடும்.
மாரிபோரிலிருந்து ரயிலில் வருகிறேன்,
பையில் பசைக்குழாய், அளவுநாடா, ஒரு ரொட்டி.
இவர் இருபத்தெட்டு வருடம் டிராம் ஓட்டியவர்.
விளக்கைப் பார்த்து நிற்பதையும்
விளக்கைப் பார்த்துக் கிளம்புவதையும்
நானா இவருக்குச் சொல்லித்தர வேண்டும்?
கை போய், குரல் போய்,
மூச்சைக் குழாயிடம் ஒப்படைத்த பிறகும்
கண் மட்டும் பணியில் இருக்கிறது.

பிறகு நிறம்.
நீலத்தின்மேல் பச்சை.
சிவப்பைத் தொடவில்லை,
சிவப்பு துடித்தால் சிலருக்கு வலிப்பு வரலாம் என்று
படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம்
(கையெழுத்து மனைவியுடையது).
அறுபத்துமூன்று.

பிறகு வேகம்.
மின்னலுக்கும் மின்னலுக்கும்
நடுவில் இருந்த இருட்டைச் சுருக்கினேன்.
எழுத்து விரைந்தது, பிழை அதைவிட விரைந்தது.
வலது கண் ஓரம் நீர் வடிந்தது.
பதிவேட்டில் அதற்குப் பெயர் 'களைப்பு'.
பழைய இருட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெறும் ஒளிக்குப் பதிலாக
தெரிந்த முகத்தை மின்னவைத்தால்
மூளை இன்னும் உரக்கப் பேசுமாம்.
இர்ம்ட்ராவுட் கல்யாணப் படத்தைக்
கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றி வந்தாள்.
எழுத்துக்கு எழுத்து அவள் முகம்,
முக்காடு, வெள்ளைப் பூ, இருபத்துமூன்று வயது.
அறுபத்துநான்கு.

'நாற்பது வருடக் குடித்தனத்துக்கு
ஒரே ஒரு மார்க்கா?'

நான் விளக்கினேன்.
காத்திருந்தது வந்தால்
மூளை உட்கார்ந்தபடியே தலையாட்டும்.
காத்திராதது வந்தால்
முந்நூறு மில்லிநொடி கழித்து எழுந்து நிற்கும்.
அந்த எழுந்து நிற்றலைத்தான் தேடுகிறோம்.
கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்,
கசாப்புக்கடையில் விலை கேட்பவள்போல.
'இந்தப் படம் படுக்கையறையில்
அவருக்கு நேரெதிரே தொங்கியது' என்றாள்.
உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம்.

வந்தபோது தலையில் அவருடைய சீருடைத் தொப்பி,
காதுவரை இறங்கி.
ஒரு கண்ணை மூடி,
நாக்கை முழுதாக வெளியே நீட்டி,
'எடு' என்றாள்.
நாக்கு நீட்டியபடி சொன்னதால்
எனக்குப் புரியச் சற்று நேரமானது.

படத்தை ஏற்றினேன்.
வரைகோடு கிடுகிடுவென மேலேறியது.
அந்த மேட்டுக்குள் இருப்பது
சிரிப்பா, எரிச்சலா, வேறொன்றா,
அதற்கு வரைபடத்தில் அச்சு கிடையாது.
உயரம் உண்டு, நேரம் உண்டு, அவ்வளவுதான்.

'எதையாவது எழுதுங்கள், உங்கள் இஷ்டம்.'

நாலு நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே ஏழாம் எண் வண்டி
வளைவில் கிரீச்சிட்டுப் போனது.
ஒவ்வொரு எழுத்தாய் மேலே வந்து ஒட்டியது.
பத்து எழுத்து, ஒன்று பிழை:
ஏ இருக்க வேண்டிய இடத்தில்
பக்கத்து வீட்டு பி நுழைந்திருந்தது.
ஆனாலும் படிக்க முடிந்தது.
'என் தொப்பி.'

இர்ம்ட்ராவுட் திரையைப் பார்த்தாள்,
அவரைப் பார்த்தாள்.
'முடிந்தால் எழுந்து வந்து
பிடுங்கிக்கொள், கெர்னோட்.'

நான் எண்களைக் குறித்துக்கொண்டேன்.
தூண்டல்: பழகிய முகம். துல்லியம்: தொண்ணூறு.
நாக்கைப் பற்றிக் குறிக்க
அட்டவணையில் இடமில்லை.

வெந்நீர்க் கிண்ணம் கொண்டுவந்து
அவர் முடியிலிருந்து பசையைக் கழுவினாள்.
'வாரத்துக்கு மூன்று தடவை இந்தக் கஞ்சி'
என்று என்னைத் திட்டினாள்.
தொப்பியைக் கழற்றவில்லை.
நான் அணைக்க மறந்த திரையில்
இன்னும் ஆறு ஆறாக
நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.