இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்

வினிபெக்குக்கு மேற்கே
ஒரு கொங்கிரீட் தானியக் களஞ்சியம்
வயிறு நிறையக் கோதுமையோடு சாய்ந்தது.
ஆள் சேதம் இல்லை.
சாய்ந்தது என்றோம் நாங்கள், நாற்பத்தொரு மில்லியன்.
சாயவில்லை, சற்றே அமிழ்ந்தது என்றார்கள் அவர்கள்.
சாய்வா அமிழ்வா என்பதற்கே
இரண்டு வருடம் போயிற்று.

பிறகு ஏழு வருடம்.
மூன்று லட்சத்துப் பதினாலாயிரம் ஆவணங்கள்.
மகளுக்குப் பல் விழுந்தது, முளைத்தது,
கம்பி கட்டினோம், கழற்றினோம்.
அதே வழக்கு.
தமிழில் அந்தச் சொல்லுக்கு
நாளாந்தம் புழங்குவது என்றும் பொருளுண்டு.
எனக்கு இரண்டும் ஒன்றாகியிருந்தது.

ஆறு நிமிடம் ஓர் அலகு.
தொலைபேசி எடுத்தால் ஓர் அலகு,
சுவரைப் பார்த்து யோசித்தால் மூன்று.
ஒருமுறை குளியலறையில் ஒரு நல்ல வாதம் தோன்ற
தலையில் நுரையோடு கணக்குப் போட்டேன்:
அரை அலகு. விட்டுக்கொடுத்தேன்.

எல்லாம் ஒரே மனிதருக்காக.
ஆர்னல்ட் தீசன், இரவு மேற்பார்வையாளர்.
மைனஸ் இருபத்தொன்பதில் ஊற்றிய கொங்கிரீட்டை
விடியும்வரை சூடாக வைத்திருந்ததாக
மணிக்கு மணி பதிவேட்டில் எழுதியவர்.
இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்
மை நிறம் மாறியிருந்தது.
அந்த மைக்காக
இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் செய்தேன்.
முதல் ஐம்பதில் அவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும்.
அடுத்த நூறில் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துவேன்.
இருநூற்றுப் பதினொன்றில்
நீதிபதி பேனாவைக் கீழே வைப்பார்.

ஜனவரி, திங்கள், காலை ஒன்பது ஐம்பது.
நீதிமன்ற நடையில்
டோனெலி ஒரு மஞ்சள் தாளை மடித்து நீட்டினார்.
ஓர் எண்.
கட்சிக்காரருக்கு அடித்தேன்.
‘சரி’ என்றார்கள்,
கோப்பி வாங்கச் சொன்னதுபோல.
மதியத்துக்குள் கையெழுத்து, விடுவிப்பு, இரகசியக் காப்பு.
ஒன்பது பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிய
இளைய வக்கீல் பையன் அழுதான்;
குளிர் என்று சொன்னான்.

கீழே கோப்பி வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு பழைய சூட்.
திரும்பினார். தீசன்.
ஒன்பது வருடமாக நேரில் பேசக்கூடாத மனிதர்.

“முடிந்துவிட்டதாமே.”
“முடிந்துவிட்டது.”
“என்னிடம் என்ன கேட்கப்போனீர்கள்?”

மையைப் பற்றிச் சொன்னேன்.
நிறத்தை, அழுத்தத்தை,
ஒட்டாவாவிலிருந்து வந்த நிபுணரை.
பொறுமையாகக் கேட்டார்.

“பேனா உறைந்துபோயிற்று.
வேறு பேனா எடுத்தேன், அவ்வளவுதான்.”
மூடியைத் திறந்து ஊதினார்.
“எப்படி வீட்டுக்குப் போனாய் என்று கேட்பீர்கள்,
அதுதான் பயந்துகொண்டிருந்தேன்.”

நான் கேட்கவில்லை.
இனி அது கேள்வியும் இல்லை.
அவராகவே சொன்னார்:
மனைவிக்கு மாதம் ஆகியிருந்தது.
எந்த நேரமும் அழைப்பு வரலாம்.
பிக்கப் குளிரில் செத்துக் கிடந்தது.
ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி
வண்டியைச் செருகினேன், ஒரு மணி நேரத்துக்கு.
இருக்கையில் சாய்ந்தேன்.
கண்ணயர்ந்துவிட்டேன்.

“பையன்தான். இப்போது கிரேட் ஃபோர்.”

இருநூற்றுப் பன்னிரண்டில்
ஒன்றிலும் வண்டி இல்லை.
அவருடைய கோப்பிக்கும் நானே காசு கொடுத்தேன்.
ஏனென்று இன்னும் தெரியாது.
விடுவிப்பில் மை காய்ந்திருந்தது,
ஒரே நிறத்தில்.

இரவு வீட்டில்
காரின் மூக்கில் தொங்கும் வயரை இழுத்துக்கொண்டு
சுவரடிக்குப் போனேன்.
வெளியே இருப்பது ஒரே ஒரு பிளக் துளை.
அதில் மகள் கழற்ற மறந்த
நத்தார் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

வயரும் கையுமாக நின்றேன்.
எத்தனை அலகு என்று
குறிக்கவில்லை.