மூணாறு தலைப்பு

நீடாமங்கலம் பக்கம் வெண்ணாறு
மூன்றாகப் பிரிகிற இடத்தில் எனக்கு வேலை.
காலை ஆறு, மாலை ஆறு,
அளவுகோல் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

மூன்று பேருக்குக் கடிதம் போட்டிருந்தேன்.
கேள்வி ஒன்றுதான்:
அப்பா யூதர், அம்மா இல்லை, நான் யார்?

பழைய சட்டம் வழுவாதவர் முதலில் பதில் எழுதினார்.
மரியாதையான கடிதம்.
தாய்வழிதான் வழி, அம்மா, நீங்கள் எங்களில் இல்லை.
விருப்பமிருந்தால் படித்துவிட்டு
மூன்று பேர் சாட்சியாக நீரில் மூழ்கி எழலாம்.
கேட்டு வருபவரை முதலில் திருப்பி அனுப்புவது
எங்கள் வழக்கம், வருந்த வேண்டாம்.

நடுவழிக்காரருக்கும் தாய்வழிதான்.
ஆனால் வாசலிலேயே நாற்காலி போட்டிருந்தார்.
ஆற்றிலேயே மூழ்கலாமே,
உங்கள் ஆறு வருஷம் முழுக்க ஓடுமா?
சிரித்துவிட்டேன்.
மேட்டூர் திறந்தால்தான் ஐயா, இது ஆறு.

மூன்றாமவர் சீர்திருத்தக்காரர், ஒரு பெண்.
தந்தை யூதராயிருந்தாலும் போதும்,
நீங்கள் யூதராக வளர்ந்திருந்தால்.
எப்படி வளர்ந்தீர்கள், ரிப்கா?

எப்படி வளர்ந்தேன்.

அரிசி மில்லில் பாய்லர் மெக்கானிக் ஏலியாகு,
கொச்சிப் பக்கத்து மலையாளம் கடைசிவரை நாக்கை விட்டுப் போகாதவர்.
வெள்ளிக்கிழமை இருட்டுமுன் இரண்டு அகல்.
ஏற்றியது அம்மா குஞ்சிதம்,
அர்த்தம் தெரியாமல், ஓர் எழுத்தும் பிசகாமல்.
செதில் இல்லையென்று கெளுத்தி வீட்டுக்குள் வராது.
அவளுக்கு ஆசை வந்தால் மாமா வீட்டில் தின்று
வாய் கொப்பளித்துத் திரும்புவாள்.
டிசம்பரில் தெருவே வந்து வாழ்த்தும்.
நாங்கள் அவர்கள் இல்லை என்று சொல்லி அலுத்து
கேக்கை வாங்கிக்கொள்வோம்.

தாலுகா ஆபீஸில் அப்பா வழிதான் கணக்கு.
என்ன ஆளுங்க?
யூதர்.
கம்ப்யூட்டரில் அந்தப் பேரு இல்லையேம்மா,
மற்றவைன்னு போடட்டா?

அப்பா போனது ஒரு புரட்டாசியில்.
அந்தப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும்.
மில்லிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள்,
எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றது.
மூன்றாமவர் கணக்கில் ஒருவேளை நான் ஒன்று,
நடுவழிக்காரரிடம் மூழ்கிய பிறகு ஒன்று,
முதலாமவரிடம் எத்தனை முறை மூழ்கினாலும் பெண்.
அவர் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்ததை
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்
சிக்கந்தர் ஆமீன் என்றார்.
மற்றவர்கள் தயங்கித் தயங்கி.

மூன்று ஆறும் ஒரே தண்ணீர் என்று முடித்தால்
அழகாக இருக்கும்.
இங்கே வேலை பார்ப்பவள் நான்.
பாமணியாற்றுப் பங்கில் ஓர் அங்குலம்
கோரையாற்றுக்குத் திருப்பிப் பாருங்கள்,
மண்வெட்டியோடு வருவார்கள்.
வாய்க்கால் கடைசியில் பயிர் காய்கிறவனுக்கு
பிரிவு விளையாட்டல்ல.

மூன்றாமவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
வெள்ளிக்கிழமை மாலை அளவை மட்டும்
லஸ்கர் தெய்வசிகாமணி எழுதுகிறார்.
பதினோரு வருஷமாக. ஏனென்று கேட்டதில்லை.
என் கையெழுத்து ஆறு நாள் ஒழுங்காக ஓடி
ஏழாவதில் அவருடையது கோணலாக:
நாலேகால் அடி, காற்று அதிகம்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து
அனுப்பிவிடலாமா என்று பார்க்கிறேன்.