பச்சை

மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாதரின் வடக்குச் சரிவில்
பதினேழாம் சந்து, நாற்பத்திரண்டாம் எண்.
கம்பளிக் கூடாரத்தின் உச்சியில்
தகரக் குழாய் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது,
ஒளிக்கத் தெரியாத பிள்ளை போல.

நகராட்சியின் புகைப் பரிசோதகர் நான்.
குளிரில் டேப்லெட் செத்துவிடும்.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
வீடு வீடாகப் போவேன்.

கதவைத் திறந்தவள் பெயர் தேஜித்.
அடுப்பருகே மூட்டை.
வாய்கூடக் கட்டவில்லை.
அவள் பொய் சொல்லியிருந்தால்
என் வேலை சுலபம்.
"பச்சைக் கரிதான்" என்றாள்.
"போன குளிர்காலத்தில் இருநூறு ஆடு போயிற்று.
மிச்சம் இந்தக் கூடாரம், இவன்."
இவன் என்றது
துணிப்பொதிக்குள் இருமிக்கொண்டிருந்த
நான்கு மாதப் பச்சைக் குழந்தையை.

அபராதம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
அவள் எத்தனை நாள் தரை துடைக்க வேண்டும் என்று
மனசு தானாகவே வகுத்துப் பார்த்தது.
விரல் நகர்ந்து
வேறொரு பெட்டியைத் தொட்டது:
வீடு பூட்டியிருந்தது. ஆளில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
அன்று அரசாங்கப் பதிவில்
ஆளே இல்லாமல் புகைந்தது ஒரு வீடு.

அவளிடம் சொல்லவில்லை.
உப்பிட்ட பால்தேநீர் கொடுத்தாள், குடித்தேன்.
சந்து முனை வரை குளிரே தெரியவில்லை.
தேநீரின் சூடு பாதி.
நல்லவள் என்ற சூடு மீதி.
அந்தச் சூடு பழகிவிட்டது.
அந்த மாதம் மட்டும்
பதினோரு வீடுகளைப் பூட்டினேன்.

பிப்ரவரியில் கூட்டம்.
கன்ஹுயாக் திரையில் வரைபடத்தை விரித்தார்.
பூட்டிய வீட்டைப்
புகையாத வீடாக எண்ணிக்கொள்கிறதாம் மென்பொருள்.
பதினேழாம் சந்து
பச்சையாக மாறியிருந்தது.
கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
கையுறையைக் கழற்றாமல்.

அடுத்த பக்கம் வந்தது:
காற்று வடிகட்டிகள், எண்ணூறு.
சிவப்புச் சந்துகளுக்கு மட்டும்.

பச்சைப் பொய் என்று சொல்வோமே,
அதற்கு ஒரு நிறம் இருப்பதை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தேஜித்தைக் கண்டுபிடித்தேன்.
ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள்,
தலைமாடு கால்மாடாக.
அவனுடையது எந்த இருமல் என்று
அவளுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.
நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.
அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.
கத்தினால் நன்றாக இருக்கும் என்றும்.

வெகுநேரம் குழந்தையின் காலுறையைச்
சரிசெய்துகொண்டிருந்தாள்.
பிறகு சொன்னாள்:
"அபராதம் போட்டிருந்தால் கட்டியிருப்பேனோ என்னவோ.
சண்டை போட்டிருப்பேன்.
தம்பியிடம் போய் நின்றிருப்பேன்.
என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.
அது என் பாடு.
எனக்காக இரங்கினாய், சரி.
என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?"

பதிவைத் திருத்தப் போனேன்.
முப்பது நாள் கடந்தால் திறக்காதாம்.
கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
பதினோரு எண்களையும், கீழே என் பெயரையும்.
பதில் வரவில்லை.
வேலை போகலாம்.
போனால் என் வீட்டில் எதை எரிப்பேன் என்று
யோசிக்காமல் இல்லை.

இன்று இருபத்து மூன்றாம் சந்து.
லுவ்சன் என்ற லாரி ஓட்டுநர்.
மூட்டையை அவர் மறைக்கவில்லை,
நானும் பார்க்காதது போலில்லை.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
"இதைத் தொட்டால் அபராதம்.
இதைத் தொட்டால் உங்கள் சந்துக்கு வடிகட்டி வராது.
மூன்றாவது பெட்டி வைக்கவில்லை அவர்கள்."

அவர் திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
வாசல் வழியே எங்கள் மூச்சு
வெள்ளையாக வெளியேறிக்கொண்டிருந்தது.

"முதலில் உள்ளே வா" என்றார்.
"கதவைச் சாத்து.
இருக்கிற சூடும் போகிறது."