எடைக் கணக்கு

"உன் எடை என்ன? பொய் சொல்லாதே" என்றான்,
மடியில் ஒரு தாள், கையில் பென்சில்.
இருபத்திரண்டு வருடத்தில் கேட்காத கேள்வி.
வெள்ளிக்கிழமை மூன்று மணி,
டர்பன் கடலோரத்துச் சின்ன விமான நிலையம்.
எழுபத்தெட்டு, என்றேன்.
டாக்டரிடம்கூட நான் எழுபத்திரண்டுதான்.
எழுதிக்கொண்டான். புருவம் உயரவில்லை.

நால்வர் சேர்ந்து வாங்கிய விமானம்.
பூபாலனுக்குக் கால் பங்கு.
வாலும் ஒரு கதவும் உன்னுடையவை
என்று கேலி செய்வேன்.
ஐம்பதில் பறக்கக் கற்ற குழாய்க் கடைக்காரன்.
என் சனிக்கிழமைகளைத் தின்றது அந்தக் கால் பங்கு.
அதற்கான கோபம் எத்தனை கிலோ என்று
அவன் தாளில் கட்டம் இல்லை.

கடலின் மேல் எழுந்தோம்.
துறைமுகத்துக்குக் காத்து நின்ற கப்பல்கள்
ஒரு சிறகு சாய்ந்ததும் காணாமல் போயின.
பிறகு கரும்பு, மலைச்சரிவெல்லாம் கரும்பு.
என் கொள்ளுத்தாத்தா வெட்டிய தோட்டம் எது என்று
நான் தேடவில்லை.
மேலிருந்து எல்லாம் ஒரே பச்சை.

ஹெட்செட்டில் அவன் குரல்
காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.
வீட்டில் அவன் அடுத்த அறையிலிருந்து பேசுபவன்,
நான் "என்ன?" என்று கத்துபவள்.
இங்கே அவன் எச்சில் விழுங்குவது கேட்டது.
"சாலாட்சி, வலப்பக்கம் பார், அணை."
பார்த்தேன்.
வெயிலில் கிடந்த ஒரு தகரத் துண்டு.

டிராகன்ஸ்பர்க் வந்தது.
ஜூலுக்காரர்களுக்கு அது ஈட்டிகளின் அரண்.
எனக்கு அலகுகள்;
தைப்பூசத்தில் அவன் கன்னத்தில் ஏறுவது போல,
ஆனால் வானத்தின் கன்னத்தில்.

புல் ஓடுபாதையில் ஏழு மாடுகள்.
முதல் சுற்று அவற்றை விரட்ட.
ஆறு போயின.
ஏழாவது எங்களைப் பார்த்து அசைபோட்டது.
ஒரு பையன் சாக்கை வீசிக்கொண்டு ஓடிவந்தான்.

இரண்டு நாளும் நாங்கள் அதிகம் பேசவில்லை.
பீன்ஸ் கறி, ரொட்டி, கேஸ் அடுப்பின் நீலம்.
ஆற்றங்கரையில் அவன் முன்னால் நடந்தான்,
நான் கல் பொறுக்கினேன்.
இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.
நடுவில் ஒரு பள்ளம்.
இரவு முழுக்க யாருடைய கையோ
அதில் விழுந்து கிடந்தது.
என்னுடையதாகவும் இருக்கலாம்.

ஞாயிறு காலை மலையே இல்லை, பனிமூட்டம்.
அது விலகியபோது வெயில் ஏறிவிட்டது.
"சூடான காற்று மெலிந்த காற்று,
நம்மைத் தாங்காது" என்றான்.
மறுபடி தாள், மறுபடி பென்சில்.
பதினோரு கிலோ அதிகம்.
நான் என் தொடைகளைப் பார்த்தேன்.
"நீ இல்லை" என்றான்,
தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

இரும்புச் சட்டியை வீட்டுக்காரியிடம் கொடுத்தோம்.
திறக்காத ஒயினையும்.
அவன் கருவிப்பெட்டியில் பாதியையும்.
பிறகு என் கைப்பையைத் தூக்கிப் பார்த்தான்.
ஸ்வெட்டருக்குள் சுற்றி ஒளித்த கல்,
கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.
"ஒன்றரை கிலோ" என்றான்.
பித்தளை எடை போட்டுப் பழகிய கை.

வெளியே எடுக்கப்போகிறான் என்று நினைத்தேன்.
எழுதிக்கொண்டான்.
தன் பூட்ஸைக் கழற்றி
வேலிக் கம்பத்தில் கவிழ்த்துவிட்டு வந்தான்.

காலுறையோடு பெடலை மிதித்தான்.
புல் ஓடியது, ஓடிக்கொண்டேயிருந்தது,
வேலி பெரிதாகிக்கொண்டே வந்தது.
அவன் மூச்சு நின்றது கேட்டது.
என் மூச்சும் அவனுக்குக் கேட்டிருக்கும்.
கம்பத்தில் அந்தப் பூட்ஸ்
சக்கரத்துக்குக் கீழே எவ்வளவு தூரத்தில் போனது என்று
இன்னும் சொல்ல மாட்டான்.

கல் இப்போது சமையலறை ஜன்னலில்.
திங்கட்கிழமை அடுத்த அறையிலிருந்து ஏதோ சொன்னான்.
"என்ன?" என்று வாய் திறந்தேன்.
பிறகு எழுந்து போனேன்.
கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டிருக்கிறான்.